கடைமடை இல்லாத ஆறு: மதகுகளை எண்ணலாம், வழிகளை எண்ண முடியாதா?

மன்னை மாணவி
செவ்வாய், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடியில் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருடம் படிக்கிறேன். போன வாரம் வகுப்பில் "இயல் எண்களை எண்ணலாம், மெய்யெண்களை எண்ண முடியாது" என்று காட்டும், கேன்டர் என்ற கணிதவியலாளரின் மூலைவிட்ட நிறுவலை நடத்தினார்கள். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. நோட்டில் இருக்கிறது, மனசில் இல்லை. பரீட்சையில் எழுதிவிடுவேன். நம்பாமல் எழுதுவது உறுத்துகிறது, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எண்களை வைத்து யோசித்தால் எனக்கு ஓடவில்லை. எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம், அதனால் ஆற்றை வைத்து யோசித்தேன். கல்லணையில் தண்ணீர் பிரிகிறது. வெண்ணாற்றில் வந்த தண்ணீர் தென்பெரம்பூரில் பிரிகிறது, அப்புறம் மூணாறு தலைப்பில் பிரிகிறது, அப்புறம் வாய்க்கால், கிளை வாய்க்கால், கடைசியில் எங்கள் வயல் மடை. இப்போது கற்பனையாக, இந்தப் பிரிவு நிற்கவே இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு மதகிலும் தண்ணீர் இடது, வலது என்று இரண்டாகிறது. பிரிந்த ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகிறது. முடிவே இல்லை.

மதகுகளுக்கு எண் போடலாம். தலை மதகு 1. அடுத்த வரிசை 2, 3. அதற்கடுத்து 4, 5, 6, 7. எந்த மதகைக் காட்டினாலும் அதன் எண்ணைச் சொல்லிவிடுவேன். ஆக மதகுகள் எண்ணத்தக்கவை. தண்ணீர் போகும் ஒவ்வொரு வழியும் ஏதாவது ஒரு மதகில் போய் முடியும். அப்படியானால் வழிகளும் மதகுகள் அளவுதானே இருக்க வேண்டும்? ஆனால் முடிவில்லாத இடது-வலது தொடர்களை எண்ண முடியாது என்கிறது புத்தகம். நான் எங்கே தப்பு செய்கிறேன்?

கூடவே இரண்டு சின்னச் சந்தேகம். 0.999… என்பது 1-தானா, இல்லை 1-க்குக் கொஞ்சம் கம்மியா? தர்க்கப் பாடத்தில், "இப்படியானால் அப்படி" என்ற வாக்கியத்தில் "முன்கூற்று (இப்படி என்ற பகுதி) பொய்யானால் மொத்த வாக்கியம் மெய்" என்கிறார்களே, அது எப்படி நியாயம்?


தாளடி
செவ்வாய், இரவு 10.15

நான் கணக்கு படிச்சவன் இல்லை. டிப்ளமோ சிவில் முடிச்சுட்டு கடைமடையில விவசாயம் பார்க்கிறேன். முடிவிலின்னா முடிவு இல்லாதது, அவ்வளவுதான். முடிவில்லாததுல ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசுன்னு எப்படி வரும்? எந்த வாய்க்காலும் எங்கயாவது முடியத்தான் செய்யுது. தண்ணி இந்த வருஷமாவது வந்து சேருமான்னு வருஷா வருஷம் பார்த்துட்டு இருக்கறவன் நான். கடைமடையே இல்லாத ஆறுன்னு ஒண்ணை வெச்சுக்கிறதே முதல் தப்புன்னு எனக்குப் படுது. இல்லாத பொருளைப் பத்தி எதுக்கு நிரூபணம்? தெரிஞ்சுக்கத்தான் கேட்கிறேன், சண்டைக்கு இல்லை.


குடந்தைக் கணக்கு
புதன், காலை 6.05

மாணவி, ஆற்றை எடுத்துக்கொண்டது நல்ல காரியம். கேன்டர் 1891-இல் மூலைவிட்ட நிறுவலை வெளியிட்டபோது தசம எண்களை வைத்து எழுதவில்லை. இரண்டே எழுத்துகளால் ஆன முடிவில்லாத தொடர்களைத்தான் எடுத்தார். உங்கள் இடது-வலது அதுவேதான். 1874-இல் அவர் கொடுத்த முதல் நிறுவல் வேறு மாதிரியானது, அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

தாளடி தம்பி கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் இடத்தில் கலிலியோவே நின்றிருக்கிறார். 1, 2, 3, 4 என்று ஒரு வரிசை, அதன் கீழே 1, 4, 9, 16 என்று வர்க்கங்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வர்க்கம், ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒரு எண். ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகிறது. ஆனால் வர்க்கங்கள் எண்களில் ஒரு பகுதிதானே! 1638-இல் இதைப் பார்த்துவிட்டு அவர் எடுத்த முடிவு: சமம், பெரிது, சிறிது என்ற சொற்கள் முடிவிலிக்குச் செல்லாது. தம்பி சொன்னதேதான்.

கேன்டர் அந்தச் சொற்களை விடவில்லை. அவற்றுக்கு ஒரு பொருளைக் கட்டிப்போட்டார். கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலை போட்டாயிற்று, ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. காலி இலை ஒன்றுமில்லை, நிற்கிற ஆளும் இல்லை. எத்தனை இலை, எத்தனை ஆள் என்று யாரும் எண்ணவில்லை. ஆனாலும் இரண்டும் சமம் என்று பந்தி விசாரிக்கிறவருக்குத் தெரியும். எண்ணாமலே சமம் சொல்ல முடிகிறது என்றால், எண்ணி முடிக்க முடியாத இடத்திலும் அதே முறையில் சமம் சொல்லலாம். காலி இலையும் நிற்கிற ஆளும் இல்லாதபடி ஒரு பொருத்தம் இருந்தால் சமம். இந்தப் பொருளை ஏற்றுக்கொண்டால் எண்களும் வர்க்கங்களும் சமம்தான். ஒரு பகுதி முழுமைக்குச் சமமாவது முடிவிலியின் குணம், குற்றம் இல்லை. மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் அறை கிடைக்காது, ஏனென்றால் அறைகளுக்குக் கடைசி அறை உண்டு. கடைசி அறையே இல்லாத விடுதி நிரம்பியிருந்தாலும் ஒவ்வொருவரையும் அடுத்த அறைக்கு நகரச் சொன்னால் முதல் அறை காலியாகும். கணிதவியலாளர் ஹில்பர்ட் தம் விரிவுரையில் சொன்ன விடுதி இது.

இப்போது உங்கள் தப்பு. "ஒவ்வொரு வழியும் ஏதாவது ஒரு மதகில் போய் முடியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். முடியாது. கடைமடையே இல்லை என்று நீங்களே வைத்துக்கொண்டீர்கள். பாதியில் நிற்கிற வழிகளைத்தான் மதகுகளோடு பொருத்தினீர்கள், அவை எண்ணத்தக்கவை என்பது முழுக்கச் சரி. நின்றே போகாத வழி எந்த ஒரு மதகுக்கும் சொந்தமில்லை. அது ஒரு வரிசை மதகுகளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பது.

சரி, நிற்காத வழிகளை வேறு விதமாக எண்ணிவிடலாமோ? யாராவது ஒருவர் பட்டியல் கொண்டு வரட்டும்: முதலாம் வழி, இரண்டாம் வழி, மூன்றாம் வழி என்று. நான் தண்ணீரோடு ஒரு லஸ்கரை, அதாவது மதகைத் திறந்து மூடுகிற பணியாளரை, அனுப்புகிறேன். முதல் மதகில் அவர் பட்டியலின் முதல் வழியைப் பார்க்கிறார். அது இடது பக்கம் போனால் வலது ஷட்டரைத் திறக்கிறார், வலது என்றால் இடது. அடுத்து வரும் மதகு அவருக்கு இரண்டாவது. அங்கே பட்டியலின் இரண்டாம் வழி தன் இரண்டாவது திருப்பத்தில் எந்தப் பக்கம் போனது என்று பார்த்து எதிர்ப்பக்கம் திறக்கிறார். இப்படியே போகிறார். அவர் விட்ட தண்ணீர் போன வழி முதலாம் வழி இல்லை, முதல் திருப்பத்திலேயே வேறு. இரண்டாம் வழியும் இல்லை, இரண்டாவது திருப்பத்தில் வேறு. ஆயிரமாவது வழியும் இல்லை. ஆகவே அது பட்டியலில் இல்லை.

மற்ற இரண்டு கேள்விகளுக்கு மாலையில் வருகிறேன்.


நாகை நிரலர்
புதன், காலை 8.30

முன்கூற்று பொய் என்ற கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன் சார்.

மாணவி, உங்கள் அப்பா "ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் குறுவை போடுவேன்" என்று சொல்கிறார். எப்போது அவர் வாக்குத் தவறியவர் ஆவார்? திறந்தும் போடவில்லை என்றால், அந்த ஒரு நிலையில்தான். திறக்கவில்லை, போர் தண்ணீரை வைத்துப் போட்டார்: வாக்குத் தவறவில்லை. திறக்கவில்லை, போடவும் இல்லை: அப்போதும் தவறவில்லை. தர்க்கத்தில் "இப்படியானால் அப்படி" என்ற இணைப்பு இந்த வாக்கை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறது. தண்ணீர் வந்ததால்தான் குறுவை போட்டார் என்கிற காரண காரியம் அதற்குள் இல்லை. நம் பேச்சில் காரணமும் சேர்ந்தே வருவதால்தான் "பொய்யானால் மெய்" என்பது காதுக்கு இடிக்கிறது. காரணத்தொடர்பையும் உள்ளே கொண்டுவரப் பார்க்கிற தர்க்க முறைகளும் உண்டு. ஆனால் கணித நிறுவல்களுக்கு இந்த மெலிந்த பொருளே போதுமானதாக இருக்கிறது.


மன்னை மாணவி
புதன், மதியம் 1.20

வாக்குத் தவறுவது என்று சொன்னதும் புரிந்துவிட்டது அண்ணா, நன்றி. வகுப்பில் நாலு வரி அட்டவணையைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன்.

சார், லஸ்கர் எடுத்துக்காட்டு மிகவும் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஒரு இடத்தில் நிற்கிறேன். பட்டியலில் இல்லாத வழி ஒன்று கிடைத்தது. சரி, அதைப் பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டால்? நீங்களே சொன்ன விடுதி மாதிரி எல்லாரையும் ஒரு இடம் தள்ளிவிட்டு முதல் இடத்தில் இதை வைக்கலாமே. ஒரு ஆள் விட்டுப்போனால் ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்வது முடிவிலிக்குப் பெரிய விஷயமா?


ஐயாறு தமிழ்
புதன், மாலை 4.45

கணிதம் என் துறை இல்லை, நான் தமிழாசிரியை. ஆனால் இந்தக் கேள்வியின் முடிச்சு மொழியில் இருக்கிறது என்று தோன்றுவதால் எழுதுகிறேன்.

"ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை உண்டு" என்கிறோம். வயலுக்கு வயல் மடை வேறாக இருக்கலாம். "ஒரு மடை உண்டு, அது ஒவ்வொரு வயலுக்கும் பாய்கிறது" என்றால் ஊருக்கே ஒற்றை மடை. சொற்கள் ஏறக்குறைய அதேதான், எது முன்னே வருகிறது என்பதுதான் மாறியிருக்கிறது. முதல் வாக்கியத்தில் வயலைக் காட்டிய பிறகு மடையைத் தேடுகிறோம். இரண்டாவதில் மடையைக் காட்டிவிட்டு வயல்களைப் பார்க்கிறோம்.

ஆசிரியர் நிறுவியது முதல் வகை என்று படித்துப் புரிந்துகொண்டேன்: எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதில் விட்டுப்போன ஒரு வழி உண்டு. பட்டியலுக்குப் பட்டியல் விட்டுப்போகும் வழி வேறு. மாணவி ஒன்றைச் சேர்த்தவுடன் அது வேறு பட்டியலாகிவிடுகிறது, அதற்கு லஸ்கர் மறுபடி முதல் மதகிலிருந்து புறப்படுவார். ஒரே வழி எல்லாப் பட்டியலிலும் விட்டுப்போகிறது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு ஆள் வெளியே நிற்பதைச் சரிசெய்ய முடியும். யாருமே வெளியே நிற்காத பட்டியல் ஒன்றைக் காட்டுவதுதான் முடியவில்லை.

இதைச் சொல்லும்போது நம் மொழியின் ஒரு அழகையும் சொல்ல வேண்டும். "நீயும் நானும்" என்றால் இரண்டும் சேர்ந்து, "நீயோ நானோ" என்றால் இரண்டில் ஒன்று. அதே உம்மையைக் கேள்விச் சொல்லோடு சேர்த்தால் யாரும், எதுவும், எங்கும். ஓகாரத்தைச் சேர்த்தால் யாரோ, எதுவோ, எங்கோ. தர்க்கத்தில் "எல்லாம்" என்பது முடிவில்லாமல் நீண்ட "உம்", "ஏதோ ஒன்று" என்பது முடிவில்லாமல் நீண்ட "ஓ". இதை ஒரு மாணவன் கரும்பலகையில் எனக்கு விளக்கிய நாளில், முப்பது வருடம் இடைச்சொல் நடத்தியவள் இதைக் கவனிக்கவில்லையே என்று அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை.

எச்சரிக்கையும் வேண்டும். "எல்லாரும் வரலை" என்று பேச்சில் சொன்னால் சிலர் வந்தார்கள் என்றும் கேட்கும், ஒருவருமே வரவில்லை என்றும் கேட்கும். "எண்ண முடியாதது" என்பதும் அப்படித்தான். எண்ணி முடியாதது ஒன்று, எண்ணத் தொடங்கவே வரிசைப்படுத்த முடியாதது ஒன்று. இயல் எண்கள் முதல் வகை. மாணவியின் வழிகள் இரண்டாம் வகை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருப்பதால் பாதிக் குழப்பம் வருகிறது.

தர்க்கம் நமக்கு வந்த சரக்கு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மணிமேகலையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று ஒரு முடிவின் உறுப்புகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எப்படிப் பிழை வரும் என்று அடுக்கிக் காட்டுகிறார். அது வேறு வகைத் தர்க்கம்: மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு என்று அறிவது எப்படி என்பதே அதன் கேள்வி. இங்கே பேசுவது வாக்கியத்தின் வடிவத்தை மட்டும் பார்க்கிற தர்க்கம். இரண்டையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிழையைப் பெயர் சொல்லி அழைக்கிற பழக்கம் இங்கே பழையது.


குடந்தைக் கணக்கு
புதன், இரவு 7.30

அம்மா எழுதியதற்கு மேல் அந்தக் கேள்விக்கு நான் சேர்க்க ஒன்றுமில்லை. நாற்பது வருடத்தில் இவ்வளவு தெளிவாக நான் ஒரு வகுப்பில் சொன்னதில்லை.

0.999…: நம் முன்னோர் நிலத்தை வேலி, மா, குழி என்று அளந்ததோடு நிற்கவில்லை. மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. அந்த முந்திரியை மறுபடி 320 பங்காக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-இல் ஒன்று. இப்போது நீங்கள் 0.999… என்பது 1-க்குக் கொஞ்சம் கம்மி என்கிறீர்கள். எவ்வளவு கம்மி? ஒரு கீழ்முந்திரி என்று சொன்னால், ஆறு 9 போட்டதுமே பாக்கி பத்து லட்சத்தில் ஒன்று, கீழ்முந்திரியைவிடச் சிறிது. அதற்கும் கீழே எந்த அளவைச் சொன்னாலும் போதுமான 9 போட்டு அதற்குள் போய்விடலாம். எந்த இடைவெளியைப் பெயர் சொன்னாலும் அது பொய்யாகிறது என்றால் இடைவெளி இல்லை. 0.999… என்பது ஒவ்வொன்றாக 9 போட்டுக்கொண்டே போகிற வேலையின் பெயர் இல்லை. அந்த வேலை எந்த எண்ணை நெருங்குகிறதோ அந்த எண்ணின் பெயர். அந்த எண் 1.

இதற்கும் உங்கள் ஆற்றுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. இடதை 0 என்றும் வலதை 1 என்றும் வைத்து வழிகளை இருமப் பின்னங்களாகப் படியுங்கள்; அதில் புள்ளிக்கு அடுத்த இடங்கள் அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகக் குறையும். முதலில் இடது, பிறகு எப்போதும் வலது: 0.0111… முதலில் வலது, பிறகு எப்போதும் இடது: 0.1000… ஆற்றில் இவை வேறு வேறு வழிகள். எண்ணாகப் படித்தால் இரண்டும் அரை. இரண்டு வழி, ஒரே எண். அதனால்தான் பாடப்புத்தகத்தில் தசமத்தை வைத்து நிறுவும்போது 0-வும் 9-உம் வராமல் இலக்கத்தை மாற்றச் சொல்கிறார்கள். அந்த வரி உங்கள் நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பலர் விட்டுவிடுவார்கள். விட்டால் நிறுவலில் ஓட்டை.


அரசலாறு
புதன், இரவு 8.10

சார், நானும் கும்பகோணம்தான். நம்ம ஊர் ராமானுஜன் 1+2+3+4+… எல்லாவற்றையும் கூட்டினால் −1/12 என்று எழுதினாரே. நீங்கள் சொல்கிற "நெருங்குகிற எண்" என்ற பொருளில் அது எப்படி வரும்? அவர் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்புகிறேன்.


குடந்தைக் கணக்கு
புதன், இரவு 8.50

நெருங்குகிற எண் என்ற பொருளில் வராது. 1, 3, 6, 10 என்று கூட்டுத்தொகை ஏறிக்கொண்டேதான் போகும். ராமானுஜனுக்கு அது தெரியாமலா? 1913 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாவது கடிதத்தில் "என் கோட்பாட்டின்படி" என்று சேர்த்துத்தான் எழுதினார். அந்தச் சொல்லை விட்டுவிட்டு மீதியை மட்டும் பகிர்கிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு. இப்படி எந்த எண்ணையும் நெருங்காத, விரிகிற தொடர்களுக்கும் ஒரு மதிப்பைக் கொடுக்கும்படி "கூட்டுத்தொகை" என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் வரையறுக்கலாம். ரீமான் என்ற கணிதவியலாளர் 1859-இல் ஆராய்ந்த ஸீட்டா சார்பில் −1 என்ற இடத்தில் கிடைக்கும் மதிப்பும் இதே −1/12. கல்லூரிப் படிப்பு கைவிட்டுப்போன ஒரு இளைஞர் சாரங்கபாணி சன்னதித் தெரு வீட்டுத் திண்ணையில் வளர்த்த கணக்கு அங்கே போய் ஒத்துப்போனது. அதற்காகவே அந்த வீட்டை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.


தாளடி
வியாழன், காலை 5.40

எல்லாம் படிச்சேன். பந்தி, லஸ்கர் ரெண்டும் மனசுல நின்னுடுச்சு. ஆனா என் கேள்வி அப்படியே இருக்கு. நீங்க எல்லாரும் மொத்தப் பட்டியலும் முன்னாடி முழுசா விரிச்சு வெச்ச மாதிரி பேசறீங்க. முடியாத ஒண்ணை முழுசா யார் விரிச்சது? அடுத்தது, அடுத்ததுன்னு போய்க்கிட்டே இருக்கலாம்னு சொன்னா ஒத்துக்கறேன். போய் முடிச்சாச்சுன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேன். அப்புறம், "இல்லைன்னு வெச்சுக்கிட்டா முரண்பாடு வருது, அதனால இருக்கு"ன்னு சொல்ற வகை நிரூபணம் எனக்கு ஒட்டவே ஒட்டாது. இருக்குன்னா கையில காட்டணும்.


குடந்தைக் கணக்கு
வியாழன், காலை 7.15

தம்பி, உங்களை மறுக்க நான் வரவில்லை. நீங்கள் சொல்வதைக் கணிதத்தின் பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அதற்காக வாழ்நாள் முழுவதும் வாதாடியிருக்கிறார்கள். கேன்டரின் காலத்திலேயே குரோனெக்கர் அவரை எதிர்த்தார். அந்த எதிர்ப்பு கேன்டரை மிகவும் காயப்படுத்தியது. பிறகு டச்சுக்காரர் பிரௌவர் வந்தார். ஒரு கூற்று மெய், இல்லையென்றால் அதன் மறுப்பு மெய் என்ற விதியை, முடிவில்லாத கணங்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நீட்டக்கூடாது என்றார். நூறு மூட்டை நெல்லில் சொத்தை இருக்கிறதா என்றால் அவிழ்த்துப் பார்த்துவிடலாம்: இருக்கிறது அல்லது இல்லை. ஆனால் 2-ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டலா? 1742-இல் கோல்ட்பாக் ஆய்லருக்கு எழுதிய கடிதத்திலிருந்து வரும் கேள்வி. இன்றுவரை நிறுவலும் இல்லை, எதிர் எடுத்துக்காட்டும் இல்லை. எல்லா எண்ணையும் அவிழ்த்துப் பார்த்து முடிக்க முடியாதபோது "இரண்டில் ஒன்று ஏற்கெனவே தீர்மானமாகிக் கிடக்கிறது" என்று சொல்ல உனக்கு என்ன உரிமை என்பதுதான் பிரௌவரின் வாதம். நான் அந்தப் பக்கம் இல்லை. ஆனாலும் அது லேசான வாதம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

ஒன்று மட்டும் கவனியுங்கள். லஸ்கரின் நிறுவலில் முரண்பாடே வரவில்லை. வகுப்பில் "எண்ண முடியும் என்று கொள்வோம்" என்று தொடங்கி முரண்பாட்டில் முடிப்பது ஒரு பழக்கம், தேவை இல்லை. பட்டியல் எடுக்கும் விதியை நீங்கள் கொடுங்கள். ஒவ்வொரு மதகிலும் எந்த ஷட்டர் என்று நான் சொல்கிறேன். நூறாவது மதகில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிய, நூறாவது வழியின் முதல் நூறு திருப்பங்கள் தெரிந்தால் போதும். எதையும் முழுசாக விரிக்க வேண்டியதில்லை. விட்டுப்போன வழியைக் கையில்தான் கொடுக்கிறேன். பிரௌவரும் இதை ஏற்பார். அவர் ஏற்காதது, இதிலிருந்து "ஆகவே வழிகள் எல்லாம் சேர்ந்த ஒரு முழுப்பொருள் இருக்கிறது, அதன் அளவு இன்னது" என்று தாவுவதை.


நாகை நிரலர்
வியாழன், காலை 9.00

தாளடி அண்ணன் கேட்டதற்கு என் பக்கத்திலிருந்து ஒன்று. ஒரு வழியை "விதி சொல்லிக் காட்டு" என்றால் நான் ஒரு நிரல் (கணினி புரோகிராம்) எழுதிக் கொடுப்பேன். எந்த நிரலும் முடிவுள்ள ஒரு எழுத்துத் தொடர். நீளவாரியாக, அகரவரிசையில் எல்லா நிரல்களையும் வரிசைப்படுத்திவிடலாம். ஆக, நிரல் எழுதிக் காட்டக்கூடிய வழிகள் எண்ணத்தக்கவை. வழிகள் எல்லாம் எண்ணத்தகாதவை என்று ஏற்றால், எந்த நிரலாலும் காட்ட முடியாத வழிகள் உண்டு. அதுவும் ஒன்று இரண்டு இல்லை, ஏறக்குறைய எல்லாமே. கணினியியலின் முன்னோடி டூரிங் 1936-இல் கணிக்கத்தக்க எண்கள் (நிரலால் கணக்கிடக்கூடிய எண்கள்) பற்றி எழுதியபோது இந்த இடத்தில்தான் நின்றார். அண்ணன் "அப்படிப்பட்ட வழி ஒன்றைக் காட்டு" என்றால், நிரல் எழுதிக் காட்ட என்னால் முடியாது. அவர் கேள்வியின் பலம் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன்.


மன்னை மாணவி
வியாழன், இரவு 9.10

இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. மதகுகளின் அளவு ஒன்று, வழிகளின் அளவு அதைவிடப் பெரிது. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு உண்டா? மதகுகளைவிட அதிகம், வழிகளைவிடக் குறைவு என்று ஒரு கூட்டம்?


குடந்தைக் கணக்கு
வியாழன், இரவு 9.45

இந்தக் கேள்வியை நீங்களாகவே கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை. கேன்டர் 1878-இல் "நடுவில் ஒன்றும் இல்லை" என்று எண்ணினார், நிறுவ முடியவில்லை. 1900-இல் பாரிஸில் ஹில்பர்ட் வைத்த கேள்விப் பட்டியலில் இதுதான் முதலாவது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் கணக் கோட்பாட்டின் அடிகோள்கள் (நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் தொடக்க விதிகள்) முரணற்றவை என்றால், அவற்றைக் கொண்டு இதைப் பொய் என்று நிறுவ முடியாது என்று 1930-களின் இறுதியில் தர்க்கவியலாளர் கோடெல் (Gödel) காட்டினார். மெய் என்றும் நிறுவ முடியாது என்று 1963-இல் கோஹன் காட்டினார். ஆக, உண்டு என்றோ இல்லை என்றோ அந்த அடிகோள்கள் சொல்லாது. இதைக் கேட்டுவிட்டு "கணிதத்தில் உண்மையே கிடையாது" என்று பேசக் கிளம்புகிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. இந்த அடிகோள்கள் இந்தக் கேள்விக்குப் போதவில்லை என்பது மிகத் துல்லியமாக நிறுவப்பட்ட உண்மை.


மன்னை மாணவி
வெள்ளி, மாலை 6.30

இன்று அப்பாவோடு வரப்பில் நடந்தபோது முழுவதையும் சொன்னேன். அப்பா பத்தாவது வரை படித்தவர், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதில் ஊரில் அவர் சொல்வதுதான் கணக்கு. லஸ்கர் கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பட்டியல் போட்டவன் முன்னாடி எழுதிக் கொடுத்தானா, இல்லை உன் லஸ்கர் போன பிறகு எழுதினானா?" ஐயாறு அம்மா மடையையும் வயலையும் வைத்துச் சொன்னது அதுதான் என்று அந்த நிமிடம் பிடிபட்டது. பட்டியல் முன்னே, லஸ்கர் பின்னே. மாறினால் நிறுவல் இல்லை.

என் சொற்களில் எழுதிப் பார்த்தேன், சரி பாருங்கள்: "நிற்காத வழிகளின் ஒரு பட்டியல் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு மதகிலும், அந்த மதகு எத்தனையாவது திருப்பமோ, பட்டியலில் அத்தனையாவது வழி அந்தத் திருப்பத்தில் போகாத கிளையில் போகிறேன். இப்படிக் கிடைத்த வழி பட்டியலில் உள்ள ஒவ்வொன்றோடும் ஒரு திருப்பத்திலாவது வேறுபடுகிறது. ஆகவே அது பட்டியலில் இல்லை. கொடுக்கப்பட்டது எந்தப் பட்டியலாகவும் இருக்கலாம். ஆகவே எல்லா வழிகளையும் அடக்கிய பட்டியல் இல்லை."


தாளடி
வெள்ளி, இரவு 8.00

அருமையா எழுதியிருக்கேம்மா. ஒரு இடம் மட்டும். நீ உங்க ஊர் ஆத்துல ஆரம்பிச்சே. மூணாறு தலைப்புல மூணாப் பிரியுது. அங்க "போகாத கிளை" ரெண்டு இருக்கு. எதுல போவே? "ஏதோ ஒண்ணுல"ன்னு சொல்லாதே. முடிவில்லாம ஒவ்வொரு மதகிலயும் ஏதோ ஒண்ணு, ஏதோ ஒண்ணுன்னு யார் எடுத்துக்கிட்டே இருப்பா? விதி சொல்லு.


குடந்தைக் கணக்கு
வெள்ளி, இரவு 8.20

தம்பி தொட்டது பெரிய இடம். விதி இல்லாமல் முடிவில்லாத தடவை ஒவ்வொன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதை 1904-இல் செர்மெலோ தனி அடிகோளாகவே எழுதி வைக்க வேண்டியிருந்தது. அதைச் சுற்றி நடந்த சண்டை நீண்டது. இங்கே அந்த அடிகோள் தேவையில்லை. ஏன் என்று மாணவியே சொல்லட்டும்.


மன்னை மாணவி
வெள்ளி, இரவு 9.05

தலைப்பில் நின்று தண்ணீர் போகும் திசையைப் பார்த்தால், இடக்கைப் பக்கத்திலிருந்து கிளைகளுக்கு 1, 2, 3 என்று எண் போடுகிறேன். பட்டியலில் உள்ள வழி அங்கே 1-ஆம் கிளையில் போயிருந்தால் நான் 2-ஆம் கிளையில் போகிறேன். வேறு எதில் போயிருந்தாலும் 1-ஆம் கிளையில் போகிறேன். இரண்டாகப் பிரிந்தாலும் மூன்றாகப் பிரிந்தாலும் கல்லணை மாதிரி நான்காகப் பிரிந்தாலும் இதே விதிதான், மாற்ற வேண்டியதில்லை. பிரியாமல் ஒரே கிளையாகப் போகிற இடத்தை நான் திருப்பமாக எண்ணவில்லை. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், நோட்டில் இப்போது சேர்த்துவிட்டேன் அண்ணே.